மக்களைக் கேளாது திறந்த கதவு

ஒரு நாடு எந்தப் படைக்கூட்டிலும் சேராது தனித்து நிற்பதென்று முடிவு செய்தால், அந்த முடிவின் செலவை மந்திரிகள் தமது பையிலிருந்து கொடுப்பதில்லை. உழவனும் மீனவனும் கடைத்தெருவில் நிற்கும் குடும்பப் பெண்ணுமே கொடுக்கிறார்கள். ஆகையால் அந்த நிலையிலிருந்து ஓர் அடி விலகுவதானாலும், விலகலாமா என்று முதலிற் கேட்கப்படவேண்டியவர்கள் அவர்களே. அயர்லாந்து தேசம் 1999-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ம் திகதி ‘சமாதானத்துக்கான பங்காண்மை’ என்னும் சர்வதேசப் பாதுகாப்பு ஒத்துழைப்புத் திட்டத்திற் சேர்ந்தது. சேர்வதற்கு முன் மக்களின் தீர்ப்பைப் பெறவேண்டும் என்று முழங்கியவர்களே, மக்களைக் கேளாமற் சேர்த்துவைத்தார்கள். அன்று விழுந்த வெடிப்பை ஒட்டுவதற்கு அத்தேசத்து ஆட்சியாளர் பட்ட பாட்டையும், ஒட்டியதை அவர்களே மறுபடியும் பெயர்க்க முற்பட்டிருப்பதையும் பற்றியதே இக்கட்டுரை.

அயர்லாந்தின் விவகாரம் எமக்கு ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அயர்லாந்தும் இலங்கையும் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தில் அங்கத்துவம் பெற்றது ஒரே நாளிலாகும். அது 1955-ம் ஆண்டு டிசம்பர் 14-ம் திகதி. ஒஸ்திரியாவும் பின்லாந்துங்கூட அன்றுதான் அந்த வாசலால் நுழைந்தன. பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த துறைமுகங்களை அயர்லாந்து 1938-ம் ஆண்டில் மீளப்பெற்றது. திருகோணமலையை இலங்கை 1957-ம் ஆண்டில் மீளப்பெற்றது. அந்நியன் படைத்தளம் உள்ள தேசம் அயலார் யுத்தத்தில் ஒதுங்கி நிற்க முடியாது என்பதை எமது வாசகர்களுக்கு எவரும் வியாக்கியானம் செய்து விளக்கவேண்டியதில்லை.

அயர்லாந்துக்கு அத்துறைமுகங்கள் திரும்பிய வரலாறு, கமக்காரர்கள் நின்று கவனிக்கவேண்டிய ஒன்று. பிரித்தானிய ஆட்சியின்போது நிலப்பிரபுக்களிடமிருந்து காணிகளை விலைக்கு வாங்குவதற்காக அயர்லாந்துக் குடியானவர்களுக்கு அரசாங்கக் கடன் வழங்கப்பட்டது. அந்தக் கடனின் வருடாந்தத் தவணைப் பணம், தேசம் தன்னாட்சி பெற்ற பின்னரும் லண்டனுக்கே சென்றுகொண்டிருந்தது. 1932-ம் ஆண்டிற் பதவிக்கு வந்த திரு. ஈமன் டி வலெரா அதை அனுப்ப மறுத்தார். பிரித்தானியா வாளாவிருக்கவில்லை. அயர்லாந்திலிருந்து வரும் பொருள்களுக்கு 20 வீதத் தீர்வை விதித்தது. மாட்டை நம்பி வாழ்ந்த தேசத்தில் மாட்டுக்குச் சந்தையில்லாமற் போயிற்று. கன்றை வளர்ப்பது நட்டமென்று கண்டு, கன்றைக் கொன்று தோலைக் கொண்டுவருவோருக்கு அரசாங்கமே பணம் கொடுத்த காலமும் ஒன்று வந்தது. பசுவையும் கன்றையும் வீட்டுப் பிள்ளைகளாக வைத்துப் பேணும் எமது கமக்காரருக்கு, அந்த ஒரு செய்தியே அக்காலத்தின் கொடுமையை உணர்த்தப் போதுமானது.

ஆறு வருடங்கள் கழித்து, 1938-ம் ஆண்டு ஏப்பிரல் 25-ம் திகதி, இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. ஒரு கோடி பவுண் ஒரே தொகையாகக் கொடுக்கப்பட்டுக் கணக்குத் தீர்க்கப்பட்டது. கோப், பெரஹேவன், லொக் சுவிலி ஆகிய மூன்று துறைமுகங்களும் அதே உடன்பாட்டின்படி அயர்லாந்தின் கைக்கு வந்தன. அடுத்த வருடம் உலக யுத்தம் மூண்டபோது, அந்தத் துறைமுகங்கள் மட்டும் பிரித்தானியாவின் வசத்தில் இருந்திருந்தால், நாம் நடுநிலைமை என்று டப்ளினிற் சொல்வதை பெர்லினில் எவர் கேட்டிருப்பார்? நடுநிலைமைக்கு அத்திவாரம் போட்டவர் டி வலெரா என்று சரித்திரகாரர் எழுதுவர். அத்திவாரத்துக்குக் கல் சுமந்தவன் மாட்டை விற்க வழியற்றுப்போன கமக்காரன்.

யுத்த காலத்திலும் சுமை அவன் தோளிலேயே இருந்தது. வெளியிலிருந்து தானியம் வருவது அரிதாயிற்று. ஆகவே கமக்காரர் தமது நிலத்தில் ஒரு பங்கைக் கட்டாயமாக உழுது பயிரிடவேண்டுமென்று சட்டம் வந்தது. பசளை இல்லை. எண்ணெய் இல்லை. நிலக்கரி இல்லை. அயர்லாந்து மக்கள் தேநீருக்கு உயிரை விடுபவர்கள். தேயிலையோ லண்டன் வழியாகவே வரவேண்டியிருந்தது. லண்டன் கையைச் சுருக்கியதும், 1941-ம் ஆண்டில் ஓர் ஆளுக்கு வாரத்துக்கு அரை அவுன்ஸ் தேயிலை என்ற நிலை ஏற்பட்டது. (அரை அவுன்ஸ் தேயிலையில் ஏழு நாள் தேநீர் வைப்பது எப்படியென்று எமது தாய்மார்களைக் கேட்டாற் சிரிப்பார்கள்.) அதே ஆண்டு மே 31-ம் திகதி ஜெர்மன் விமானம் எறிந்த குண்டுகள் டப்ளின் நகரின் வட பகுதியில் விழுந்து 28 உயிர்களைக் குடித்தன. யுத்தம் முடிந்த கையோடு, 1945-ம் ஆண்டு மே 13-ம் திகதி, பிரித்தானியப் பிரதமர் திரு. சேர்ச்சில் வெற்றிப் பேச்சில் அயர்லாந்தைச் சாடினார். மூன்று நாள் கழித்து டி வலெரா வானொலியில் அமைதியாகப் பதிலளித்தார். அந்தப் பதிலை அத்தேசத்து மக்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூருகின்றனர்.

நடுநிலைமை என்றதும் தராசு முள்ளைப்போல நடுவில் நின்றார்கள் என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். காலநிலை அறிக்கைகளை அயர்லாந்து இரகசியமாகப் பிரித்தானியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தன் மண்ணில் விழுந்த நேச நாட்டு விமானிகளைப் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் மெல்ல அனுப்பிவைத்தது. ஜெர்மன் விமானிகளையோ முகாமில் அடைத்தது. 1949-ம் ஆண்டில் வட அத்திலாந்திக் ஒப்பந்த ஸ்தாபனமாகிய நேட்டோ அமைக்கப்பட்டபோது அயர்லாந்தும் அழைக்கப்பட்டது. அன்றைய வெளிவிவகார மந்திரி திரு. ஷோன் மக்பிறைட், எமது தேசத்தின் ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவின் கையில் இருக்கும்வரை அக்கூட்டில் நாம் சேர இயலாது என்று பதிலளித்தார். யுத்தத்தை வெறுப்பதனால் வரமாட்டோம் என்று அவர் சொல்லவில்லை. பிரிவினை நீங்கினால் வருவோம் என்ற பொருளும் அந்தப் பதிலில் தொக்கி நின்றது. அத்தேசத்தின் அரசியலமைப்பைப் புரட்டிப் பார்த்தாலும் ‘நடுநிலைமை’ என்று ஒரு பிரகடனம் அதில் இல்லை. ஒஸ்திரியா 1955-ம் ஆண்டில் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. அயர்லாந்தோ பழக்கத்தினாலும் மக்களின் உணர்ச்சியினாலும் மட்டுமே அதைக் காத்துவந்தது.

அந்த உணர்ச்சி வேரூன்றியது ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்திலேயாகும். 1958-ம் ஆண்டில் லெபனானுக்கு அயர்லாந்து அதிகாரிகள் பார்வையாளராகச் சென்றார்கள். 1960-ம் ஆண்டிற் கொங்கோவுக்குப் பட்டாளம் சென்றது. அந்த ஆண்டு நவம்பர் 8-ம் திகதி நியெம்பா என்ற இடத்தில் ஒன்பது அயர்லாந்துப் போர்வீரர் மறைந்திருந்து தாக்கப்பட்டு மாண்டார்கள். அவர்களின் பிரேதங்கள் டப்ளினுக்கு வந்தபோது வீதியெங்கும் மக்கள் திரண்டு நின்றார்கள். அணுவாயுதம் மேலும் பரவாமலிருக்க வேண்டுமென்று வெளிவிவகார மந்திரி திரு. பிராங்க் எய்க்கன் ஐக்கிய நாடுகள் சபையில் ஆண்டுதோறும் வாதாடி, 1961-ம் ஆண்டில் தமது பிரேரணையை நிறைவேற்றுவித்தார். அதிலிருந்து பிறந்த உடன்படிக்கை 1968-ம் ஆண்டிற் கையொப்பத்துக்கு வந்தபோது முதற் கையொப்பம் அவருடையதே. சிறிய தேசம் ஒன்று எந்தக் கூட்டிலும் இல்லாதிருந்தமையாலேயே இவ்வளவும் சாதிக்க முடிந்தது என்று அங்குள்ள மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் உண்மையும் இருந்தது.

இனிப் பங்காண்மைத் திட்டத்துக்கு வருவோம். சோவியத் ஒன்றியம் சிதைந்த பின்னர், 1994-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிரசெல்ஸ் நகரிற் கூடிய நேட்டோ மகாநாடு இத்திட்டத்தைத் தொடக்கிவைத்தது. நேட்டோவில் இல்லாத ஐரோப்பிய நாடுகள் அதனோடு கூடிப் பயிற்சி பெறலாம். சமாதானப் படை அனுப்புவதிலும் அனர்த்த நிவாரணத்திலும் ஒத்துழைக்கலாம். ஆயுதங்களையும் தொடர்புச் சாதனங்களையும் ஒரே முறைக்குக் கொண்டுவரலாம். ஒருவரைத் தாக்கினால் எல்லாரும் கூடிப் போரிடவேண்டும் என்ற கடப்பாடு இதில் இல்லை. தனக்கு ஆபத்து நேர்ந்ததாகக் கருதும் நாடு நேட்டோவோடு கலந்தாலோசிக்கலாம் என்பதோடு அந்த விஷயம் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு நாடும் தான் எதில் எவ்வளவு சேரும் என்பதைத் தானே எழுதிக் கொடுக்கும். பந்தியில் உட்கார்ந்தவன் வேண்டிய கறியை மாத்திரம் இலையில் வாங்கிக்கொள்வதைப் போன்றது இது.

சுவீடனும் பின்லாந்தும் 1994-ம் ஆண்டு மே மாதத்திலேயே சேர்ந்தன. ருஷ்யாவே அந்த ஆண்டு ஜூன் மாதத்திற் சேர்ந்தது. ஒஸ்திரியா 1995-ம் ஆண்டிலும் சுவிற்சர்லாந்து 1996-ம் ஆண்டு டிசம்பரிலும் சேர்ந்தன. மால்ற்றா 1995-ம் ஆண்டிற் சேர்ந்து, ஆட்சி மாறியதும் 1996-ம் ஆண்டில் விலகி, 2008-ம் ஆண்டில் மீண்டும் வந்தது. ஆகவே உள்ளே போனால் வெளியே வர முடியாத பொறி இது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஐயப்பட்டவர்கள் மூடர்களும் அல்லர். போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளும் இந்தப் படிக்கட்டில் ஏறியே 1999-ம் ஆண்டு மார்ச் 12-ம் திகதி நேட்டோவின் முழு அங்கத்தவராயின. பன்னிரண்டே நாள் கழித்து, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றி, நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியா மீது குண்டு பொழியத் தொடங்கின. அயர்லாந்து அரசாங்கம் இத்திட்டத்திற் சேர ஆயத்தம் செய்துகொண்டிருந்ததும் அதே மாதங்களிலேதான்.

இந்தச் சந்தேகம் முளைக்கும் என்பதை முன்னரே அறிந்து, அதையே ஆயுதமாக எடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் திரு. பேர்ட்டி அஹேர்ன். டி வலெரா தோற்றுவித்த பியானா போல் கட்சியின் தலைவராக 1996-ம் ஆண்டில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தார். அப்போதைய வெளிவிவகார மந்திரி திரு. டிக் ஸ்பிரிங், பங்காண்மைத் திட்டத்திற் சேர்வதைப்பற்றி ஆராயலாம் என்று வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அஹேர்ன் எழுந்தார். தேசியக் கொள்கைகள் யாவற்றிலும் இறுதித் தீர்ப்பு மக்களுடையது என்று அரசியலமைப்புக் கூறுகிறது. அந்த மக்களைக் கேளாமற் பாராளுமன்றத் தீர்மானம் ஒன்றினால் இதை நிறைவேற்றுவது பெரிய நம்பிக்கைத் துரோகம், அடிப்படையிலேயே ஜனநாயக விரோதம் என்று முழங்கினார். 1997-ம் ஆண்டுத் தேர்தலிலும் அவருடைய கட்சி இத்திட்டத்தை எதிர்த்தே வாக்குக் கேட்டது. அந்தத் தேர்தலில் வென்று ஜூன் மாதத்தில் அவர் பிரதமரானார்.

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி. கடந்த பின்னர் நீ யார், நான் யார்? 1999-ம் ஆண்டு பிறந்தபோதே, அந்த ஆண்டு முடிவதற்குள் அயர்லாந்து சேரும் என்று அதே அஹேர்ன் அறிவித்தார். சர்வசன வாக்கெடுப்பு எங்கே என்று கேட்டவர்களுக்கு, அரசியலமைப்பை மாற்றவேண்டியதில்லை, ஆகவே வாக்கெடுப்பும் வேண்டியதில்லை என்று பதில் வந்தது. பசுமைக் கட்சியும் சின் ஃபெயினும் எதிர்த்தன. பிரதான எதிர்க்கட்சியான ஃபின கேல் இத்திட்டத்தை ஏற்கெனவே விரும்பியிருந்தமையால் பாராளுமன்றத்தில் தடையேதும் இருக்கவில்லை. நவம்பர் மாதத்திற் கீழ்ச்சபை அங்கீகரித்தது. டிசம்பர் 1-ம் திகதி வெளிவிவகார மந்திரி திரு. டேவிட் அன்ட்றூஸ் பிரசெல்ஸ் சென்று கையொப்பமிட்டார். கதவு திறந்தது, வீட்டுக்காரனைக் கேட்கவில்லை.

அரசாங்கம் சொன்ன காரணங்கள் காரணங்களே அல்ல என்று தள்ளிவிட முடியாது. சமாதானப் படைகளை ஐக்கிய நாடுகள் ஸ்தாபனமே நேட்டோவிடம் ஒப்படைக்கும் காலம் பிறந்துவிட்டது. பொஸ்னியாவில் அயர்லாந்தின் இராணுவப் பொலிசார் 1997-ம் ஆண்டு முதல் அத்தகைய படையிற் சேவை செய்துகொண்டிருந்தார்கள். ஏனைய நாட்டுப் போர்வீரர்களோடு ஒரே வாகன அணியிற் போகிறவன், ஒரே வானொலி முறையிற் பேசப் பழகியிருக்கவேண்டாமா? ஐரோப்பாவின் மற்றைய நடுநிலை நாடுகள் எல்லாம் சேர்ந்துவிட்ட பின் அயர்லாந்து மட்டும் வெளியே நின்று என்ன பயன்? இவை மறுக்கக்கூடிய வாதங்களல்ல. மக்கள் மன்றத்தில் எடுத்துரைத்திருந்தால் மக்கள் ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும். வெல்லக்கூடிய வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக அஞ்சிய வழக்கறிஞரை நாம் என்னவென்று சொல்வது?

சட்டம் கேட்கச் சொல்லவில்லை என்ற பதிலையும் சற்று ஆராய்வோம். சுவிற்சர்லாந்து அரசாங்கமும் இத்திட்டத்திற் சேர்வதற்கு முன் வாக்கெடுப்பு நடத்தவில்லை. உண்மை. ஆனால் அந்த அரசாங்கம் நடத்துவதாகச் சொல்லவும் இல்லை. நடத்தாதவனைத் துரோகி என்று தூற்றி வாக்குக் கேட்கவும் இல்லை. அன்றியும், அயலுறவு விஷயங்களிற் சுவிஸ் மக்களைக் கேட்பது அத்தேசத்தில் நாள்தோறும் காணும் வழக்கம். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்திற் சேரலாமா என்று 1986-ம் ஆண்டிற் கேட்டார்கள். மக்கள் வேண்டாம் என்றனர். சமாதானப் பட்டாளம் ஒன்றை அனுப்பலாமா என்று 1994-ம் ஆண்டிற் கேட்டார்கள். அதற்கும் வேண்டாம் என்றனர். 2002-ம் ஆண்டில் மறுபடியும் அங்கத்துவத்தைப்பற்றிக் கேட்டார்கள், அப்போது சம்மதித்தனர். பதினாறு வருடம் காத்திருந்ததால் சுவிற்சர்லாந்து அழிந்துபோய்விடவில்லை. அயர்லாந்தின் பிழை சட்டத்தை மீறியதில் இல்லை. சட்டம் கேட்காததைத் தானாகவே முன்வந்து வாக்களித்து, அந்த வாக்கினால் ஆதாயம் பெற்று, பின்னர் சட்டத்தின் மறைவில் ஒதுங்கிக்கொண்டதே பிழை. கடன் பத்திரத்திற் கையொப்பம் இல்லையென்று சொல்லி வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தவனை ஏமாற்றுபவனை எமது ஊரில் எப்படி அழைப்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இதன் பலன் விரைவிலேயே தெரியவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விரிவாக்கும் நீஸ் ஒப்பந்தத்துக்கு அயர்லாந்தில் வாக்கெடுப்புக் கட்டாயமாயிருந்தது. 2001-ம் ஆண்டு ஜூன் 7-ம் திகதி மக்கள் வாக்களித்தார்கள். ஏறக்குறைய 54 வீதத்தினர் வேண்டாம் என்றனர். வாக்களிக்கச் சென்றவர்களோ மூன்றில் ஒரு பங்கினரைச் சற்றே கடந்தவர்கள். ஏனையோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். காரணங்கள் பல, ஒன்றையே முழுக் காரணமென்று நாம் சாதிக்கப்போவதில்லை. ஆனால் ஐரோப்பிய இராணுவம் ஒன்றுக்குள் எங்களை இழுத்துச் செல்கிறார்கள் என்ற பயம் அவற்றுள் முக்கியமானது. அப்படியொன்றும் இல்லை, நம்புங்கள் என்று மந்திரிகள் கூறினார்கள். பங்காண்மைத் திட்டத்திலும் இவர்களைத்தானே நம்பினோம் என்று ஜனங்கள் நினைத்ததில் வியப்பென்ன?

ஐரோப்பிய அரசியல்வாதிகள் திகைத்துப்போனார்கள். டப்ளின் அரசாங்கம் பரிகாரம் தேடிற்று. 2002-ம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்பெயின் தேசத்து செவில் நகரில் நடைபெற்ற மகாநாட்டிலே அயர்லாந்து ஒரு தேசியப் பிரகடனம் செய்தது. பரஸ்பரப் பாதுகாப்புக் கடமை எதுவும் எம்மைக் கட்டாது என்றும், மூன்று அனுமதிகள் இன்றி எமது பட்டாளம் வெளிநாட்டு நடவடிக்கைக்குச் செல்லாது என்றும் அதிற் கூறப்பட்டது. ஒன்று, ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் அங்கீகாரம். இரண்டாவது, மந்திரிசபையின் தீர்மானம். மூன்றாவது, பாராளுமன்றக் கீழ்ச்சபையின் சம்மதம். இதையே அங்கு ‘மூன்று பூட்டு’ என்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் ஆயுதந் தாங்கிச் செல்வதற்குக் கீழ்ச்சபையின் சம்மதம் வேண்டுமென்ற விதி கொங்கோப் பட்டாளத்தின் காலத்திய 1960-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் 2002-ம் ஆண்டில் அதற்குப் புதிய மதிப்பு ஏற்பட்டது. அது வெறுஞ் சட்டப் பிரிவாக இருந்த நிலை மாறி, வாக்காளருக்குக் கொடுத்த ஈடாயிற்று. கூடவே, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பாதுகாப்பு அணியில் அரசு சேரலாகாது என்ற திருத்தமும் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அக்டோபர் 19-ம் திகதி மறுபடியும் வாக்கெடுப்பு நடைபெற்றது. ஏறக்குறைய 63 வீதத்தினர் ஆம் என்றனர். 2008-ம் ஆண்டில் லிஸ்பன் ஒப்பந்தத்தை மக்கள் நிராகரித்தபோதும் இதே கதை நடந்தது. நடுநிலைமைக்குப் பங்கமில்லை என்ற உத்தரவாதத்தை ஐரோப்பியத் தலைவர்களிடமிருந்து எழுத்திற் பெற்றுக் காட்டிய பின்னரே 2009-ம் ஆண்டிற் சம்மதம் கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் நிதானித்துப் பார்க்கவேண்டும். பூட்டைப் போட்டது அரசாங்கந்தான். ஆனால் சும்மா போடவில்லை. அதற்குப் பதிலாக ஒன்றைப் பெற்றுக்கொண்டது. வேண்டாம் என்று சொன்ன மக்கள், பூட்டைப் பார்த்த பின் ஆம் என்றார்கள். இது ஒரு கிரய விக்கிரயம். பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டவன், பிற்பாடு வந்து பண்டத்தைத் திரும்ப எடுத்துச் செல்வது எந்த நியாயத்தில் அடங்கும்?

ஆயினும் அதற்கே இப்பொழுது வழி தேடப்படுகிறது. ருஷ்யா 2022-ம் ஆண்டு பெப்ரவரியில் உக்ரேன் மீது படையெடுத்த பின்னர் ஐரோப்பாவின் முகமே மாறிவிட்டது. பின்லாந்து 2023-ம் ஆண்டு ஏப்பிரலிலும் சுவீடன் 2024-ம் ஆண்டு மார்ச்சிலும் நேட்டோவில் முழு அங்கத்தவராயின. 1994-ம் ஆண்டிற் பந்தியில் ஒரு கறி மட்டும் போதும் என்று உட்கார்ந்தவர்கள் முழு விருந்தையும் உண்டுவிட்டார்கள். அயர்லாந்து அவ்வளவு தூரம் போக நினைக்கவில்லை. எனினும் 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் அத்தேசத்து மந்திரிசபை ஒரு சட்டமூலம் வரைவதற்கு அனுமதி வழங்கியது. மூன்று பூட்டுகளுள் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பூட்டைக் கழற்றிவிடுவதும், கீழ்ச்சபையைக் கேளாது அனுப்பக்கூடிய போர்வீரரின் எண்ணிக்கையை 12-இலிருந்து 50-ஆக உயர்த்துவதும் அதன் சாராம்சம்.

இதற்கு அவர்கள் காட்டும் நியாயத்தையும் கூறாது விடுவது தர்மமாகாது. பாதுகாப்புச் சபையில் ஐந்து வல்லரசுகளுக்கு ரத்து அதிகாரம் உண்டு. 1999-ம் ஆண்டு பெப்ரவரியில், மசிடோனியா தாய்வானை அங்கீகரித்ததை அடுத்து, அங்கிருந்த ஐக்கிய நாடுகள் படையின் காலத்தை நீடிக்கவிடாது சீனா தடுத்தது. அதன் விளைவாக 2003-ம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் மசிடோனியாவுக்கு அனுப்பிய சமாதானப் படையில் அயர்லாந்து சேர முடியவில்லை. 2014-ம் ஆண்டின் பின்னர் புதிய சமாதானப் படை எதையும் பாதுகாப்புச் சபை அமைக்கவில்லை. அயர்லாந்து வீரர்கள் 1978-ம் ஆண்டு முதற் சென்றுவந்த தென் லெபனான் படையையும் 2026-ம் ஆண்டு இறுதியோடு முடித்துக்கொள்வதென்று அச்சபை 2025-ம் ஆண்டு ஓகஸ்டில் தீர்மானித்தது. எமது பட்டாளம் எங்கே போகலாம் என்பதை மொஸ்கோவும் பீக்கிங்கும் தீர்மானிப்பதா என்று டப்ளின் மந்திரிகள் கேட்கும்போது, அந்தக் கேள்வியில் நியாயமில்லை என்று எம்மாற் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு பாதி மறைக்கப்பட்டிருக்கிறது. 2002-ம் ஆண்டுப் பிரகடனத்தில் எழுதப்பட்டிருப்பது பாதுகாப்புச் சபை மட்டுமன்று. பாதுகாப்புச் சபை அல்லது பொதுச் சபை என்றே அதிற் கூறப்பட்டிருக்கிறது. 2006-ம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. பொதுச் சபையில் எவருக்கும் ரத்து அதிகாரம் கிடையாது. 1956-ம் ஆண்டிற் சூயஸ் கால்வாய் நெருக்கடியின்போது பிரித்தானியாவும் பிரான்சும் பாதுகாப்புச் சபையைத் தடுத்து நிறுத்தின. பொதுச் சபை கூடி, தானே சமாதானப் படை ஒன்றை அமைத்து எகிப்துக்கு அனுப்பியது. இலங்கையும் அயர்லாந்தும் அங்கத்துவம் பெற்று ஒரு வருடம் நிறையு முன்னரே நிகழ்ந்த சம்பவம் அது. அந்த வழி கடினமானது; மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எனினும் வழி இருக்கிறது. பூட்டுக்கு இரண்டாவது திறப்பு ஒன்று கையில் இருக்கும்போது, பூட்டையே உடைக்கவேண்டும் என்பவர் முதலில் அந்தத் திறப்பைப் போட்டுப் பார்த்தாரா என்று கேட்பது நியாயமல்லவா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நடுநிலைமையைப் போற்றும் அயர்லாந்து மக்களும் தமது கணக்கை நேர்மையாகப் பார்க்கவில்லை. 2001-ம் ஆண்டின் பின்னர் அமெரிக்கப் போர்வீரர்கள் ஷனன் விமான நிலையத்தின் வழியாக யுத்தகளங்களுக்குப் போய்வந்தார்கள். 2003-ம் ஆண்டில் ஈராக் யுத்தத்துக்கு எதிராக டப்ளின் வீதிகளில் மாபெரும் ஊர்வலம் நடைபெற்றது, விமானங்கள் நிற்கவில்லை. தேசத்திடம் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. 2022-ம் ஆண்டு ஜனவரியில், அயர்லாந்தின் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் ருஷ்யக் கடற்படை பீரங்கிப் பயிற்சி செய்யப்போவதாக அறிவித்தபோது, அதற்கு எதிராக முன்வந்தவர்கள் தென் கரையோர மீனவர்கள். நாங்கள் வலை வீசும் கடல் இது, எங்கள் படகுகள் அங்கேதான் நிற்கும் என்று அவர்கள் ருஷ்யத் தூதரிடமே சொன்னார்கள். பயிற்சி எல்லைக்கு வெளியே மாற்றப்பட்டது. அந்த மீனவர்களை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு தேசத்தின் கடற்காவல் வலைகாரரின் துணிச்சலில் தங்கியிருப்பது அரசாங்கத்துக்குப் பெருமையல்ல. நடுநிலைமைக்குப் பணம் செலவாகும். சுவிற்சர்லாந்து செலவிடுகிறது, அயர்லாந்து நெடுங்காலம் செலவிடவில்லை. அந்தச் செலவை ஏற்கிறீர்களா, அல்லது பிறரோடு கூடிப் பங்கிட்டுக்கொள்வோமா என்ற கேள்வியை மக்கள் முன் வைத்தால், அவர்கள் விடை சொல்லத் தயங்கமாட்டார்கள்.

அரசாங்கம் 2023-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆலோசனைக் கூட்டங்கள் சில நடத்தியது. கோர்க், கோல்வே, டப்ளின் ஆகிய நகரங்களில் நிபுணர்கள் பேசினார்கள், பொதுமக்கள் கேட்டார்கள், சிலர் கூச்சலிட்டார்கள். கூட்டம் கலைந்தது. ஆலோசனை கேட்பது நல்லதே. ஆனால் வாக்குச் சீட்டினாற் பெற்ற சம்மதத்துக்கு மண்டபக் கூட்டம் ஈடாகாது.

வாக்கெடுப்பு நடத்துவது பெருஞ் சிரமம் என்று அயர்லாந்து அரசாங்கம் மட்டும் சொல்ல முடியாது. விவாகச் சட்டத்தை மாற்ற 2015-ம் ஆண்டிற் கேட்டார்கள். கருச்சிதைவுச் சட்டத்தை மாற்ற 2018-ம் ஆண்டிற் கேட்டார்கள். அரசியலமைப்பில் குடும்பம் பற்றியும் பராமரிப்புப் பற்றியும் உள்ள சில சொற்களை மாற்றலாமா என்று 2024-ம் ஆண்டு மார்ச் 8-ம் திகதி கேட்டார்கள். மக்கள் இரண்டையும் நிராகரித்தனர். வாசகத்தில் நாலு சொல்லை மாற்றுவதற்கு ஓலை அனுப்பி அழைக்கப்பட்ட வாக்காளர், தமது பிள்ளைகளை எந்தப் போர்க்களத்துக்கு யாருடைய அனுமதியோடு அனுப்புவது என்ற விஷயத்துக்கு அழைக்கப்படவில்லை. 2002-ம் ஆண்டு அக்டோபர் 19-ம் திகதி பூட்டைக் காட்டிச் சம்மதம் வாங்கினார்கள். பூட்டைக் கழற்றுவதற்கு முன், அதே வாக்குச் சாவடிகளைத் திறந்து, அதே மக்களிடம் கேட்கட்டும்.